உச்சிப்புளியில் மனை வாங்கினேன்: வாங்கிக் கொடுத்த தம்பியைப் பற்றி

உச்சிப்புளிப் பக்கம் 5 சென்ட் மனை வாங்கிப் பத்திரம் முடித்து இரண்டு மாதம் ஆகிறது. வாங்கிக் கொடுத்தவர் ராமநாதபுரத்தில் ஒரு மனை விற்பனை நிறுவனத்தில் ஆலோசகராக இருக்கும் தம்பி. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. ஆனால் அவர் வேலை செய்த விதத்தை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னால் இரண்டு வருஷம் நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். நிலம் பார்க்கப் போன இடமெல்லாம் "சார் வரலையா?" என்பதுதான் முதல் பேச்சு. இந்தத் தம்பி கேட்டது, "அக்கா, வீடு கட்டிக் குடியிருக்கவா, சும்மா வாங்கிப் போடவா?" குடியிருக்க என்றதும் அவர் காட்ட நினைத்திருந்த இரண்டு இடத்தை அவரே கழித்துவிட்டார்.

எனக்குக் கடல் தெரிய வேண்டும் என்று ஆசை. வேறொரு தரகர் தென்னந்தோப்பை ஒட்டி ஓர் இடம் காட்டியிருந்தார், அலைச் சத்தம் கேட்கும், விலையும் கம்மி. அதைச் சொன்னதும் தம்பி நேரே வண்டியை அங்கே விட்டார். பார்த்துவிட்டு "வேண்டாம்க்கா" என்றார். கடல் ஏறி வரும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதிலும் வீடுகள் நெருக்கமில்லாத கிராமத்துக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் வெளியாள் போய்ப் புதிதாக வீடு கட்ட அனுமதி வாங்க முடியாது என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினார். அதோடு அது கூட்டுப் பட்டா, ஒரு பங்காளி கையெழுத்துப் போடாமல் நின்றாலும் வம்பு. அவருக்கு இதில் ஒரு பைசா வருமானம் கிடையாது, அரை நாளும் பெட்ரோலும்தான் போனது.

அப்புறம் நாங்கள் வாங்கிய மனை. டிடிசிபி எனும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண், 30 வருஷத்து வில்லங்கச் சான்று எல்லாம் நான் கேட்பதற்கு முன்பே ஒரு பிளாஸ்டிக் கவரில் வந்துவிட்டன. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டபோது எங்கள் பெரியப்பா மாட்டிக்கொண்டு பட்ட பாட்டைப் பார்த்தவள் நான், அதனால் அந்தக் கவரைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விட்டது. புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லைக் கல்லையும் தேடினார். ஒன்று சீமைக்கருவேல முள்ளுக்குள் புதைந்து கிடந்தது, செருப்புக் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தார். கடைசியாகப் பக்கத்து வீட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி முதலில் அவர் குடித்தார், அப்புறம் என்னிடம் நீட்டினார். நல்ல தண்ணீர். "ஆழமாப் போர் போட்றாதீங்கக்கா, உப்பு ஏறிரும்" என்றார். நம் பக்கத்தில் நிலம் விற்கிறவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய உண்மை வராது.

பத்திரம் என் பெயரில் என்பதால், 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறைவு என்பதையும் அவரே சொன்னார். எட்டரை லட்சத்துக்கு 8,500 ரூபாய் மிச்சம்.

குறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்கவே மாட்டார். விலை பேசும்போது நமக்காக அடித்துப் பேசமாட்டார், அதை நாம்தான் பேச வேண்டும். ஒருமுறை வெயிலில் முக்கால் மணி நேரம் காக்க வைத்தார், கோபம் வந்தது உண்மை. பிறகு டீக்கடையில் விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது: ஞாயிறு முழுக்க மதுரையிலிருந்து வேனில் வருகிறவர்களுக்கு இடம் காட்டுகிறார், ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வளைகுடாவிலிருந்து போன். சம்பளம் சொற்பம், மனை விற்றால்தான் ஊக்கத்தொகை, மாதம் இத்தனை என்று கணக்கு வேறு. அப்படிப்பட்ட வேலையில் இருந்துகொண்டு வாடிக்கையாளரிடம் "வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு மனசு வேண்டும்!

தேவிபட்டினம் பக்கம் என் தங்கைக்கும் ஓர் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை கழியட்டும், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட்டுக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.