டிஎம்பி ஆன்லைன்: கேள்விகள் சரி, வழிகாட்டுதல் எட்டவில்லை

ஆய்வில் என்னென்ன தரவு சேரும், அது எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், ஆய்வு முடிந்தபின் அது என்ன ஆகும் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதித் தருவதுதான் தரவு மேலாண்மைத் திட்டம் (Data Management Plan, சுருக்கமாக டிஎம்பி). அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 முதல் இதை விண்ணப்பத்துடனேயே கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் நிதி பெற்றவர்கள், பணி தொடங்கிய 6 மாதங்களுக்குள் முதல் வடிவத்தை அளிக்க வேண்டும். இத்தகைய வெளிநாட்டு நிதியில் நடக்கும் கூட்டாய்வுகளில் சேரும் சென்னை ஆய்வாளர்களுக்கு, இத்திட்டத்தை எழுத உதவவென்று பிரிட்டனின் டிஜிட்டல் கியூரேஷன் சென்டர் நடத்தும் டிஎம்பி ஆன்லைன் என்னும் இணையச் சேவை எந்த அளவுக்கு உதவும் என்பதே இம்மதிப்புரையின் பொருள்.

மின்னஞ்சல் முகவரி இருந்தால் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கலாம். நிதி தரும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தவுடன் அதற்குரிய வார்ப்புரு, அதாவது அந்த அமைப்பு கேட்கும் கேள்விகள் அடங்கிய படிவம், திறக்கிறது. கேள்விக்குப் பக்கத்திலேயே விளக்கக் குறிப்பும் கிடைக்கிறது. எழுதியதை நெறியாளருடன் பகிரலாம், அவர் ஓரத்தில் கருத்துரைக்கலாம், முடிந்ததும் வேர்டு அல்லது பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். எதைச் சிந்திக்க வேண்டும் என்பதைக் கேள்விகளே வரிசையாக நினைவூட்டிவிடுகின்றன. இந்தச் சேவையின் உண்மையான பயன் அதுதான்.

குறை தொடங்குவது நம் தரவைக் கொண்டு அக்கேள்விகளுக்கு விடை எழுதும்போதுதான். காசிமேட்டு மீனவப் பெண்களிடம் எடுத்த நேர்காணல்களைத் தட்டச்சுக் கடையில் கொடுத்தால், அவை பாமினி எழுத்துருவில் திரும்பி வருவது இன்றும் நடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறப்பவருக்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. ஆகவே, 'கோப்பு வடிவம்' என்னும் கேள்விக்கு வேர்டு என்று மட்டும் எழுதுவது போதாது. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது யார், மாற்றியபின் மூலஒலியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது யார் என்பதையும் எழுத வேண்டும். பொதுவான குறிப்புகள் இந்த இடம்வரை வருவதில்லை. கைநாட்டு வைப்பவரிடம் ஒப்புதல் பெறும் முறையும் அப்படியே: படிவத்தை வாசித்துக் காட்டியதற்குச் சாட்சி யார் என்பதை நாமாகத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

காப்புப் பிரதி பற்றிய கேள்வியைச் சென்னைக்காரர் யாரும் மேலோட்டமாகக் கடக்கக் கூடாது. ஒரு ஹார்டு டிஸ்க் துறையின் தரைத்தளத்திலும் மற்றொன்று வேளச்சேரி வீட்டிலும் இருந்தால், தாளில் அது இரண்டு இடம்; 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் அதை இரண்டாக எண்ண மாட்டார்கள். மூன்றாவது பிரதி நகருக்கு வெளியே, நிறுவனக் கணக்கிலுள்ள மேகச் சேமிப்பில் (கிளவுட்) இருப்பது நல்லது. சொந்த ஜிமெயில் கணக்கு அதற்கு ஈடாகாது, ஏனெனில் ஆய்வு மாணவர் பட்டம் பெற்று வெளியேறும் நாளில் தரவும் அவரோடு போய்விடும்.

தனிநபர் தரவு பற்றிய பகுதியில், பிரிட்டிஷ், ஐரோப்பியச் சட்டங்களை ஒட்டிய வாசகங்களை அப்படியே எடுத்து ஒட்டும் வழக்கம் இருக்கிறது. இங்கே சேகரித்து இங்கேயே வைத்திருக்கும் தரவுக்கு, 2023-இல் நிறைவேறிய நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே முதலில் பார்க்க வேண்டும்.

எழுதிய திட்டத்தைத் தம் நிறுவனத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கும் பொத்தானும் இச்சேவையில் உண்டு; அது சந்தா செலுத்தித் தமக்கேற்ப அமைத்துக்கொண்ட நிறுவனங்களுக்கே பயன்படும். சந்தா இல்லாத கல்லூரிகள் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை: பகிரும் பக்கத்தில் நெறியாளரோடு நூலகரின் மின்னஞ்சலையும் சேர்த்து, விண்ணப்பக் கெடுவுக்கு முந்தைய வாரத்திலேயே அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லலாம்.