பழைய மலை வரைபடம்: அசல் தாளா, அச்செடுத்த நகலா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஒயிட் மவுண்டன் தேசிய வனத்தின் பழைய நிலவரைபடம் வேண்டும். அசலைத் தேடி வாங்குவதா, ஸ்கேனை இறக்கி அச்செடுப்பதா?

விலை: அசலுக்கு விற்பவர் சொல்வதுதான் விலை. ஸ்கேன் இலவசம், அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை 1884 முதல் 2006 வரையிலான தாள்களை இணையத்தில் வைத்திருக்கிறது. அச்சுக்கூலி மட்டும் நம் செலவு.

தோற்றம்: இதில் அசலை அடிக்க முடியாது. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட காலத்துத் தாளில், வாஷிங்டன் சிகரத்தின் (6,288 அடி) செங்குத்துச் சரிவுகளில் பழுப்புநிறச் சமஉயரக் கோடுகள் தலைமுடி இழைகளாக நெருங்கி நிற்கும், ஒட்டாது. சுமாரான அச்சில் அந்த இடம் ஒரே பழுப்புத் திட்டு.

நீடித்து உழைப்பது: அசல் மடிப்பில்தான் முதலில் கிழியும். நகல் நனைந்தால் இன்னொன்று எடுக்கலாம்.

அளவு: நகலில் கவனம் தேவை. 1:62,500 தாளில் ஓர் அங்குலம் ஏறக்குறைய ஒரு மைல். ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று அச்சிட்டால் அந்தக் கணக்கு போச்சு. நானும் அப்படி ஒரு தாளை வீணாக்கியவன்தான்.

சரி, சட்டம் போட்டு மாட்ட அசல். பழைய பாதையைத் தேடி நடக்க நகல். கூடவே இன்றைய வரைபடம் ஒன்றும் பையில் இருக்கட்டும்.