சாக்லேட் பூசிய குக்கீ மாவு உருண்டை: நம்ம ஊர் வெயிலுக்கு எந்த மாவு, எந்த சாக்லேட்?

பேக் செய்யாத குக்கீ மாவைச் சின்ன உருண்டையாகப் பிடித்து, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுக்கும் பலகாரத்தை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்க ஆரம்பித்து நாளாகிவிட்டது. அடுப்பே வேண்டாம், அரை மணி நேர வேலை என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அதெல்லாம் பெரும்பாலும் குளிர்நாட்டுச் சமையலறைக் கணக்கு. அங்கே மேசைமேல் வைத்தாலே சாக்லேட் இறுகிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்தில் பங்குனி, சித்திரை வெயில் ஒரு பக்கம்; ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் கொண்டுவரும் ஈரம் இன்னொரு பக்கம். இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டம் இது. அதனால் நமக்கு எது ஒத்துவரும் என்பதை நாமேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாவில் என் ஓட்டு ஆவியில் அவித்த மைதாவுக்கு. மேல்பூச்சைப் பொறுத்தவரை, வீட்டு ஃபிரிட்ஜிலேயே தீர்ந்துவிடும் என்றால் அசல் சாக்லேட். வீட்டைவிட்டு வெளியே போகும் என்றால் காம்பவுண்ட், அதாவது கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த சாக்லேட்.

மாவு: நாலு வழி

பச்சை மைதாவைச் சாப்பிடக் கூடாது. இதை அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. முட்டை சேர்க்காவிட்டால் போதும், ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மைதா என்பது வயலில் விளைந்த கோதுமையை அரைத்துச் சலித்தது. எந்தக் கட்டத்திலும் அது வேகவில்லை. சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. 2009-இல் அமெரிக்காவில் பாக்கெட் குக்கீ மாவைப் பச்சையாகத் தின்றவர்களுக்கு ஈ.கோலை தொற்று வந்தது. 2016-இல் வெறும் மாவு வழியாகவே அங்கே இன்னொரு முறை பரவியது. ஆகவே எந்த மாவை எடுத்தாலும் அது வெந்ததா என்பதுதான் முதல் கேள்வி. ருசியெல்லாம் அப்புறம்.

வீடியோக்களில் காட்டும் வழி, மைதாவைத் தட்டில் பரப்பி ஓவனில் சில நிமிடம் சூடாக்குவது, அல்லது வாணலியில் வறுப்பது. சுலபம்தான். ஆனால் இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காய்ந்த மாவுக்குள் இருக்கும் சால்மொனெல்லா சூட்டை நன்றாகவே தாங்கும். ஈரம் இருக்கும்போதுதான் சீக்கிரம் சாகும். தட்டின் ஓரத்து மாவு சிவக்கும்போது நடுவில் உள்ளது வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வீட்டில் மாவைச் சூடாக்கிப் பச்சையாகச் சாப்பிடுவதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் பரிந்துரைப்பதில்லை. நம் வீடுகளில் பச்சை வாசனை போய்விட்டால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். சாம்பாருக்கு அது சரி. இந்த மாவுக்கு வாசனையை வைத்து முடிவெடுக்க முடியாது. ருசியிலும் வறுத்த மைதா கொஞ்சம் ஏமாற்றும். குக்கீ மாவின் சாயல் குறைந்து, நெய்யில் வறுத்த ரவை வாசம் தூக்கலாக வரும்.

இரண்டாவது வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. மைதா முறுக்குக்கு மாவை வெள்ளைத் துணியில் முடிந்து ஆவியில் வைப்பார்கள் இல்லையா, அதேதான். இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாக வந்தபிறகு, மைதாவைத் துணியில் தளர்வாக, ரெண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி முடிந்து வைக்க வேண்டும். மூடியிலிருந்து சொட்டும் நீர் மாவில் விழாதபடி மூடியின் உள்பக்கம் இன்னொரு துணி கட்டுங்கள். அரை மணி நேரம் விடுங்கள். இங்கே வேலை செய்வது ஈரச்சூடு, அதனால்தான் வறுப்பதைவிட இது மேல். எடுக்கும்போது மாவு சுண்ணாம்புக்கட்டி மாதிரி இறுகியிருக்கும். நடுக்கட்டியை உடைத்துப் பாருங்கள். அதுவும் கெட்டியாகி, கைபொறுக்காத சூடாக இருந்தால் ஆவி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். நடுவில் பொடிப்பொடியாகக் காய்ந்த மாவு இருந்தால் மறுபடி வையுங்கள். சூடாக இருக்கும்போதே கையால் உதிர்த்து, மிக்சியில் ரெண்டு சுற்று விட்டு, ரெண்டு தடவை சலித்துவிட வேண்டும். ஆறவிட்டால் கட்டியை உடைப்பது பெரும்பாடு. சலித்ததைத் தாம்பாளத்தில் பரப்பி ஃபேனுக்குக் கீழே ஆற வையுங்கள்.

இந்த மாவில் நிறம் மாறாது, வறுத்த வாசமும் இருக்காது. வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்தால் கடையில் விற்கும் குக்கீ மாவுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. ஏற்கெனவே கொஞ்சம் ஈரம் ஏறியிருப்பதால் பால் பாதி போதும். ஒரே குறை, சலிப்பதில் சோம்பல் பட்டால் நாக்கில் நறநறவென்று தட்டும்.

மூன்றாவது, பிஸ்கட் தூள். மாரி பிஸ்கட்டைப் பொடித்து, லேசாக வறுத்த முந்திரிப்பொடி கால் பங்கு சேர்ப்பது. பிஸ்கட் ஏற்கெனவே வெந்தது. மாவைப் பற்றிய கவலையே இல்லை. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், உடம்புக்கு முடியாதவர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்றால் நான் இதைத்தான் செய்வேன், வேறு யோசனையே இல்லை. முந்திரிக்கு நமக்குப் பஞ்சமில்லை. எங்கள் பக்கம் அண்டிப்பருப்பு என்போம். அண்டி ஆபீஸ்கள், அதாவது முந்திரி ஆலைகள் இருக்கிற ஊர்களில் முழுப்பருப்பைவிட உடைந்த பருப்பு விலை குறைவாகக் கிடைக்கும், பொடிக்க அது போதும். மிக்சியை விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். பிஸ்கட்டில் இனிப்பு இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். ருசி அருமையாகவே இருக்கும், ஆனால் குக்கீ மாவு ருசி இல்லை.

நாலாவது, முந்திரிக்கொத்துப் பூரணம். சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காய்த்துருவலை ஈரம் போகச் சிவக்க வறுத்து, ஏலக்காயும் எள்ளும் போட்டு, கம்பிப்பதப் பாகில் உருட்டும் அதே உருண்டை. வழக்கமாக மைதா, அரிசி மாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் பொரிப்போம். அதற்குப் பதிலாக டார்க் சாக்லேட்டில் முக்குவது. இதை ஒப்பீட்டில் சேர்க்கக் காரணம் ருசி மட்டும் இல்லை. மற்ற மூன்றையும் பிடித்து வைத்திருப்பது வெண்ணெய். வெயில் ஏறினால் அது தளரும், உருண்டை தட்டையாகும். இதைப் பிடித்து வைத்திருப்பது பாகு. மத்தியான வெயிலில் மேசைமேல் இருந்தாலும் உருண்டை உருண்டையாகவே இருக்கும். குக்கீ மாவுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளையை இதைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. பெரியவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள், முதலில் தீர்வது இதுதான்.

வெண்ணெய், சர்க்கரை

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உப்பில்லாத வெண்ணெய் நல்லது. நெய் ஊற்றினால் லட்டு ருசி வந்துவிடும். வெள்ளைச் சர்க்கரை என்றால் பொடித்துத்தான் போட வேண்டும், முழுசாகப் போட்டால் கரையாது. குக்கீ மாவுக்கு அந்த அடர்ந்த இனிப்பைக் கொடுப்பது பிரவுன் சுகர். அதற்கு நாட்டுச் சர்க்கரை ஈடாகும்.

கருப்பட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. டார்க் சாக்லேட்டுக்கு அதைப்போல ஜோடி கிடையாது. ஆனால் சீவி அப்படியே மாவில் போட்டால் மண் கடிபடும். கரைத்து வடிகட்டினால் தண்ணீர் சேர்கிறது, மாவு இளகுகிறது. அதனால் கருப்பட்டியைப் பாகு ஊற்றும் முந்திரிக்கொத்து உருண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் மாவுக்கு நாட்டுச் சர்க்கரை போதும். கருப்பட்டி உருண்டையில் ஒரு சிட்டிகை கிராம்புப்பொடி சேர்த்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற கிராம்பே நம் மலைத் தோட்டங்களில் விளைகிறது, அதை வாங்குங்கள்.

மைதா மாவுக்கு என் அளவு: அவித்துச் சலித்த மைதா 120 கிராம், வெண்ணெய் 75, நாட்டுச் சர்க்கரை 75, காய்ச்சி ஆறிய பால் ஒன்றிரண்டு ஸ்பூன், சாக்லேட் சிப்ஸ் 60 கிராம், அரை ஸ்பூன் வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. நெல்லிக்காய் அளவில் 18, 20 உருண்டை வரும். முக்குவதற்கு 200 கிராம் சாக்லேட் எடுத்துக்கொண்டால் தாராளம்.

மேல்பூச்சு

கேக் சாமான் விற்கும் கடைகளில் ரெண்டு வகை இருக்கும். கோகோ வெண்ணெய் உள்ளது கூவர்ச்சர், அதாவது அசல் சாக்லேட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது காம்பவுண்ட். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாலே தெரிந்துவிடும். காம்பவுண்ட் விலை குறைவு.

ருசியில் போட்டியே இல்லை, அசல்தான். கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில், அதாவது நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும். வாயில் போட்டதும் கரைவது அதனால்தான். நம் ஊரில் அதுவே சிக்கலும். வெயில் நாளில் அறைச் சூடே 32, 33-ஐத் தொட்டுவிடும். சாக்லேட் கையிலேயே ஒட்டும். பளபளப்பும் 'டக்'கென்று உடையும் தன்மையும் வேண்டுமென்றால் டெம்பரிங் செய்ய வேண்டும். டார்க் சாக்லேட்டை 45 டிகிரி வரை உருக்கி, எடுத்துவைத்த மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளைப் போட்டுக் கிளறிக் கிளறி 31, 32 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஏசி இல்லாத அடுக்களையில் மத்தியானம் இது நடக்காது; அந்தச் சூட்டுக்குக் கீழே பாத்திரம் இறங்கவே இறங்காது. விடியற்காலையில் செய்யுங்கள், தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். டெம்பரிங் செய்யாமலும் முக்கலாம். ஃபிரிட்ஜில் வைத்து உடனே தின்பதற்கு அது போதும், பளபளப்பு மட்டும் இருக்காது.

காம்பவுண்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. உருக்கி முக்கினால் சில நிமிடத்தில் இறுகும். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் டப்பாவில் கொண்டுபோனாலும் அசல் சாக்லேட்டைவிட நன்றாகத் தாங்கும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தொடங்கி கிறிஸ்துமஸ் வரைக்கும் வீட்டுக்கு வீடு பலகாரம் கைமாறுகிற நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. குறை என்னவென்றால், தின்றபிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கும். உள்ளே மாவு இனிப்பாக இருப்பதால் மில்க் காம்பவுண்ட் வேண்டவே வேண்டாம், டார்க் வாங்குங்கள். இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில், இதயத்துக்குக் கெடுதியான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து இருக்கிறது. அதனால் விவரம் அச்சிட்ட பாக்கெட்டாகப் பார்த்து வாங்குங்கள், வெட்டிப்போட்டு எடைக்கு விற்பதைத் தவிருங்கள்.

ருசிக்குப் பாதி, வசதிக்குப் பாதி என்று ரெண்டையும் கலந்தால் என்ன? கலக்காதீர்கள். காம்பவுண்டில் பெரும்பாலும் இருக்கும் பாம் கர்னல் (எண்ணெய்ப் பனையின் கொட்டை) எண்ணெய் வகைக் கொழுப்பும் கோகோ வெண்ணெயும் ஒத்துப்போகாது. ரெண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட இளகிப் போகும், நாலு நாளில் மேலே சாம்பல் பூத்தது போலாகும்.

தேங்காய் எண்ணெய் விஷயமும் இப்படித்தான். சாக்லேட்டில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் ஊற்றினால் பூச்சு மெல்லிசாக வரும் என்பது எல்லா வீடியோவிலும் வரும் யோசனை. நம் வீட்டில் செக்கில் ஆட்டிய எண்ணெய் எப்போதும் இருக்கும், கை தானாகப் போகும். ஆனால் அது சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். இங்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் பாட்டிலில் தண்ணீராகத்தான் நிற்கிறது. அதைச் சேர்த்த பூச்சு ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் விரலில் வழியும். ஃப்ரீசரில் வைத்துத் தின்னும் உருண்டைக்கு மட்டும் சேர்க்கலாம். செக்கெண்ணெய் என்றால் அதன் வாசமும் சேர்ந்தே வரும்.

முக்கும்போது

எந்தச் சாக்லேட்டாக இருந்தாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் திரிந்து கட்டியாகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கும்போது கிண்ணம் கீழ்ப்பாத்திரத்தைவிட அகலமாக இருக்கட்டும், ஆவி மேலே வராது. கரண்டியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

உருண்டையை ஃப்ரீசரில் கல்லாக்கி முக்காதீர்கள். உள்ளே இருப்பது சூடேறி விரியும்போது மேல் ஓடு விரிசல் விடும், வெண்ணெய் அந்த வழியே கசியும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அரை மணி நேரம் போதும். முள்கரண்டியில் எடுத்து முக்கி, கிண்ண ஓரத்தில் ரெண்டு தட்டுத் தட்டி, வழிந்தபிறகு வெண்ணெய்த்தாளில் வையுங்கள். தட்டாமல் வைத்தால் அடியில் பாவாடை விரித்தது போலத் தேங்கிவிடும்.

மைதா, பிஸ்கட் உருண்டைகளில் வெண்ணெயும் பாலும் இருப்பதால் ஃபிரிட்ஜில் நாலைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். முந்திரிக்கொத்து உருண்டை, தேங்காய் சரியாக வறுபட்டிருந்தால் அதைவிட நாள் தாங்கும். மழைக்காலத்தில் எதுவானாலும் மூடி இறுகிய டப்பாதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் டப்பாவைத் திறந்தால் ஈரக்காற்று குளிர்ந்த சாக்லேட்டில் வேர்த்துவிடும், காய்ந்தபிறகு மேலே வெள்ளை வெள்ளையாகச் சர்க்கரை படியும். மூடியபடியே இருபது நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள்.