இரைச்சலை இயந்திரத்திலேயே தடுப்பதா, காதடைப்பான் வழங்குவதா?

பணியாளர்களின் செவித்திறன் கெடுமுன் காக்க நினைக்கும் தொழிற்கூட உரிமையாளருக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு: இரைச்சல் எழுப்பும் இயந்திரத்தையே ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் அடைப்பது, அல்லது ஆளுக்கொரு காதடைப்பான் கொடுப்பது.

காதடைப்பானின் விலை அற்பம். இன்று வாங்கி நாளையே பயன்படுத்தலாம். ஆனால் அதன் பலன் முழுவதும் அணிபவரைச் சார்ந்தது. 8 மணி நேர வேலையில் 4 மணி நேரம் கழற்றி வைத்துவிட்டால், அது எவ்வளவு தரமானதாக இருந்தாலும், நாள் முழுவதற்குமான சராசரிப் பாதுகாப்பு ஏறத்தாழ 3 டெசிபலைத் தாண்டாது. ஏனெனில், கழற்றிய நேரத்தில் காதில் புகும் ஒலியாற்றலே மொத்தக் கணக்கில் மேலோங்கிவிடுகிறது. போதாததற்கு, மாற்று வாங்குவது, பயிற்சி, கண்காணிப்பு எனச் செலவு ஆண்டுதோறும் தொடர்கிறது. (எச்சரிக்கைக் குரலும் கேட்காமல் போகலாம் என்பது தனிக் கவலை.)

கூண்டுக்கு முதற்செலவு அதிகம். வெப்பம் வெளியேறவும் பழுதுபார்க்கவும் வழிவிட்டு அதை வடிவமைக்க வேண்டும். எனினும், அது யாருடைய நினைவையும் நம்பியிருப்பதில்லை. இரைச்சலால் இழந்த செவித்திறன் திரும்பாது என்பதால், பின்னாளில் தர நேரும் இழப்பீட்டையும் கணக்கில் சேர்த்தால், நெடுநாள் ஓடவிருக்கும் இயந்திரத்துக்குக் கூண்டையே தேர்வேன். சில வாரங்களில் அகற்றப்படவிருக்கும் இயந்திரத்துக்குக் காதடைப்பான் போதும், ஆனால் அணிகிறார்களா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.