பாட்டிக்கு மட்டும் கேட்காத சத்தம்

ஷட்டர் சர்வீஸ் முடிந்து கேமரா நேற்றுதான் கைக்கு வந்தது. பிரித்துச் சரிபார்த்த அண்ணனிடம், “இந்தச் சத்தம் குறையுமா?” என்று கேட்டேன். “கண்ணாடி எழும்பி விழுற சத்தம் தம்பி, கூடப் பிறந்தது” என்றார்.

1970களின் மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் பார்ப்பதையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியாக நமக்கும் காட்டும் ஃபிலிம் கேமரா), 50 எம்எம் எஃப்/2 லென்ஸ். பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது செத்தாலும் படம் விழும். ஆறு வருடமாக இதில் நான் எடுப்பதெல்லாம் வீட்டு மனிதர்களைத்தான். அந்த வேலைக்கு இதைவிடப் பொருந்தாத கேமரா கிடையாது. அம்மா ஏதோ யோசனையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஃபோகஸ் பிடித்து அழுத்தினால் ‘டக்’. உடனே முந்தானையை இழுத்துவிட்டு, “தலைகூட வாரலடா!” அடுத்த ஃபிரேமில் கல்யாண ஆல்பத்துச் சிரிப்பு. தொட்டில் இருக்கும் அறைக்குள் எனக்கும் கேமராவுக்கும் சேர்த்தே தடை.

ஃபிலிமைக் குறை சொல்ல மனசு வராது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கருப்பு-வெள்ளை. வீட்டு வெளிச்சம் போதாது என்பதால், 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) ஃபிலிமை 1600 என்று வைத்து எடுக்கிறேன். கலரில் பழைய டியூப்லைட் எல்லோரையும் பச்சை பிடித்த நோயாளியாக்கும். இதில் அந்தப் பச்சையே இல்லை. அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு வரை தெரியும். கழுவுவதுதான் பாடு. 1600க்கு ஐடி-11 டெவலப்பர் கரைசலில், 20 டிகிரியில், 14 நிமிடம். சென்னைக் குழாயில் 20 டிகிரித் தண்ணீருக்கு எங்கே போக? பேசினில் ஐஸ் கட்டியைக் கொட்டி, பாட்டிலை அதில் நிறுத்தி, தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் அம்மாவுக்கு ஒப்பவில்லை. “மாலை போட்ட படமாட்டம் இருக்கு. இது அரக்குப் புடவையா, பச்சையா?” எனக்கே தெரியவில்லை, இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் விழுந்திருந்தன.

போன மாதம் எல்லாக் கான்டாக்ட் ஷீட்டையும் (ஒரு ரோலின் படங்களை நெகட்டிவ் அளவிலேயே அச்சிட்ட தாள்) பரப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பாட்டி. காலுக்கு எண்ணெய் தேய்க்கும் பாட்டி, டிவி வில்லியைத் திட்டும் பாட்டி, முறுக்கை ஒளித்து வைக்கும் பாட்டி. ஒன்றில்கூடப் போஸ் இல்லை. நான் திட்டம் போட்டு எடுத்ததல்ல. அவருக்குக் காது கேட்காது, அவ்வளவுதான். இரண்டடி தூரத்தில் நின்று ஒரு ரோல் முழுக்க அடித்தாலும் திரும்ப மாட்டார். என்னிடம் உருப்படியாக இருக்கும் படங்கள் அவைதான்.

இந்த மாதிரிக் கேமரா வாங்கலாமா என்று நண்பன் கேட்டிருந்தான், பிறந்த பிள்ளையை எடுக்க. வேண்டாம்டா. போனில் சத்தத்தை அணைத்துவிட்டு எடு. நேற்று வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. இன்று காலை மாமா போன் செய்தார், ஞாயிற்றுக்கிழமை பாட்டிக்குக் காது மெஷின் வாங்கி வருகிறாராம்.