நீச்சல்குள டைல் என்று சொல்லி விற்கப்பட்ட சுவர் டைல்

கோவையின் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் பின்புறம் 24 அடி நீளமும் 12 அடி அகலமும் நாலரை அடி ஆழமும் கொண்ட நீச்சல்குளம் ஒன்றைக் கட்டினோம். தண்ணீர் நிரப்பிய மூன்றாம் மாதத்தில், பெயர்ந்திருந்த ஒரு டைலின் விளிம்பு என் மகளின் உள்ளங்காலைக் கிழித்தது. ஐந்தாம் மாதத்தில் குளத்தை வடித்துவிட்டு, ஏறத்தாழ 600 சதுர அடி டைலையும் உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. இதே செலவையும் வேதனையையும் இன்னொரு குடும்பம் அனுபவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

டைல் வாங்கச் சென்ற கடையில், குளத்துக்கென்றே தயாரிக்கப்பட்டது என்று சொல்லி, 12 அங்குலத்துக்கு 8 அங்குல அளவுள்ள, பளபளப்பான நீல டைல் ஒன்றைக் காட்டினார்கள். தண்ணீரில் எத்தனை ஆண்டுகள் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று விற்பனையாளர் உறுதியாகக் கூறினார். நான் நிறத்தைக் கேட்டேன், விலையைக் கேட்டேன். டைல் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சும் என்ற ஒரே முக்கியமான கேள்வியைக் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. ரசீதில் ‘நீல டைல்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் இணைப்புகளில் பூசிய வெள்ளை சிமென்ட் கரைந்து போனது. பிறகு டைல்களின் மேற்பூச்சில் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் ஓடின. அதன் பின் மேற்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. தட்டிப் பார்த்தபோது பாதி டைல்களின் அடியில் பிடிமானம் இல்லாத வெற்றோசை கேட்டது. கடைக்காரர் நேரில் வந்து பார்த்துவிட்டு, குளோரின் அதிகம் போட்டதால் வந்த கேடு என்றார். ஒவ்வொரு வாரமும் பரிசோதித்து நான் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டில் குளோரின் 1 முதல் 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) வரைக்குள்ளும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-க்கும் 7.6-க்கும் இடையிலுமே, அதாவது குளத்துக்கு உகந்த அளவிலேயே இருந்தன. அதைக் காட்டியதும், குற்றம் டைல் ஒட்டிய கொத்தனாருடையது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

உண்மை எங்கள் மோட்டார் அறையில் கிடந்தது. ஆணிகள் போட்டு வைப்பதற்காகக் கொத்தனார் எடுத்து வைத்திருந்த ஓர் அட்டைப்பெட்டியில், சுவர் டைல் என்றும் ‘பி-3’ பிரிவு என்றும் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு டைல்கள் தம் எடையில் 10 சதவீதத்துக்கும் மேல் தண்ணீரை உறிஞ்சக்கூடியவை. சமையலறை, குளியலறைச் சுவர்களுக்கு அவை போதும். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் இடத்துக்கு வேண்டியது, 0.5 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சாத, அடர்த்தியாகச் சுட்ட போர்சலின் டைல் அல்லது சிறு கண்ணாடித் துண்டுகளால் ஆன கண்ணாடி மொசைக். மீதமிருந்த ஒரு டைலை எடை போட்டேன்: 910 கிராம். ஒரு நாள் முழுவதும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, மீண்டும் எடை போட்டபோது 1,025 கிராம் இருந்தது. இணைப்புகளின் வழியே புகும் நீரைக் குடித்து டைலின் மண் உடல் சிறிதளவு விரிய, மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கிறது. அந்த வெடிப்பு இன்னும் அதிகமான நீரை உள்ளே விடுகிறது.

பணத்தைத் திருப்பித் தரக் கடை மறுத்துவிட்டதால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிட்டு, பின்னர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது.

இரண்டாம் முறை கண்ணாடி மொசைக்கைத் தேர்ந்தெடுத்தோம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. துண்டுகளைப் பின்பக்கம் வலையில் ஒட்டி விற்கும் வகையில், அந்த வலையும் அதன் பசையும் டைலுக்கும் சுவருக்கும் நடுவே நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன. பசை நீரில் இளகும் வகையாக இருந்தால் துண்டுகள் கழன்று விழும். ஆகவே, முன்பக்கம் காகிதம் ஒட்டி, பதித்த பின் நனைத்து உரித்தெடுக்கும் வகையையே வாங்கினோம். கண்ணாடியும் போர்சலினும் ஈரத்தை உறிஞ்சாதவை என்பதால் சிமென்ட் பாலில் அவை பிடிக்காது. பாலிமர் கலந்த, நீரில் மூழ்கும் இடங்களுக்கு ஏற்றது என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கும் டைல் பசையைப் பயன்படுத்தி, இணைப்புகளுக்கு எபாக்ஸி என்ற, இறுகிக் கெட்டியாகும் பிசின் கலவையை நிரப்பினோம். அதற்கு முன், நீர்க்காப்புப் பூச்சுப் பூசிய வெறுந்தொட்டியில் ஒரு வாரம் தண்ணீரைத் தேக்கி, கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டோம்.

புதிய ரசீதில் தயாரிப்பின் பெயர், பிரிவு, நீர் உறிஞ்சும் சதவீதம், ‘நீச்சல்குளத்தின் உட்புறத்துக்கு’ என்ற சொற்கள் ஆகிய நான்கையும் எழுதச் சொல்லி, கடை முத்திரையோடு கையொப்பமும் பெற்ற பிறகே பணம் கொடுத்தேன். முதலில் சென்ற இரண்டு கடைகள் அவ்வாறு எழுதித் தர மறுத்தன. அங்கே நாங்கள் வாங்கவில்லை.