மூளை வெளியிலா, வீட்டுக்குள்ளா? ஸ்மார்ட் வீட்டுக்கான வழிகள் ஓர் ஒப்பீடு

போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, விளக்கைப் போட முடிந்துவிட்டால் வீடு ஸ்மார்ட் ஆகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது ரிமோட் வைத்த வீடு, அவ்வளவுதான். நடுராத்திரியில் எழுந்து நடந்தால் நடைவழி விளக்கு மட்டும் மங்கலாக எரிய வேண்டும். திரும்பி வந்து படுத்ததும் தானாக அணைய வேண்டும். சிங்க்குக்கு அடியில் தண்ணீர் கசிந்தால், ஆள் இல்லாத நேரத்திலும் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். இதற்கு உணர ஒரு சென்சார், முடிவெடுக்க ஒரு மூளை, செய்து முடிக்க ஒரு விளக்கோ ரிலேவோ (உத்தரவு வந்ததும் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) வேண்டும். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விளக்கைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த மூளை எங்கே இருக்கிறது என்பதை.

வைஃபை பொருட்களில் அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. தொடங்குவதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். பொருட்களை ஒன்றிணைக்கும் ஹப் என்ற பெட்டி தனியாக வேண்டாம், இருக்கிற ரவுட்டரே போதும், விலையும் குறைவு. ஆனால் நடைவழியில் ஒருவர் கால் வைத்ததும் சென்சாரின் செய்தி ரவுட்டர் வழியாக எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உத்தரவு திரும்பி வந்து, அதன் பிறகுதான் பத்தடி தள்ளி இருக்கும் விளக்கு எரிகிறது. நெட் போனால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும்.

நெட் திரும்ப வந்துவிடும். நிறுவனமே கடையை மூடிவிட்டால்? ரிவால்வ் என்ற ஹப் தயாரிப்பாளரை 2014-இல் கூகுளின் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியதும், காசு கொடுத்து வாங்கிய பெட்டி வெறும் பெட்டியாகிப் போனது. இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுப் பொருள் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. அதைப் பயன்படுத்தி வந்தவர்களிலேயே ஒரு குழுவினர் நிறுவனத்தை வாங்கியதால் சேவைக்கு உயிர் வந்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அடுத்தது ஜிக்பீ, பொருட்கள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் இன்னொரு ரேடியோ முறை. வைஃபையைப் போல இதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகிறது, ஆனால் பேச்சு மிகச் சிக்கனம். வேகத்தின் உச்சம் நொடிக்கு 250 கிலோபிட். படம் பார்க்கப் போதாது. "கதவு திறந்தது" என்று சொல்லத் தாராளம். கதவு சென்சார் ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருக்கும். கதவோடு காந்தம் விலகியதும் உள்ளே உள்ள சின்ன ரீட் சுவிட்ச் அதை எழுப்பும். ஒரு குட்டிச் செய்தியை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். அதனால்தான் ஒரு பட்டன் பேட்டரியே ஓராண்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது. வைஃபை சென்சாரிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

நிலையான மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ பொருட்கள் ஒன்றின் செய்தியை இன்னொன்று கைமாற்றி அனுப்பும். அதனால் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் எட்டும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. யாராவது சுவரில் சுவிட்சை அணைத்தால் அந்த பல்ப் வலையிலிருந்து விழுந்துவிடும்; அதன் வழியாகப் பேசிக்கொண்டிருந்த சென்சாரும் காணாமல் போகலாம். ஆகவே கைமாற்றும் வேலைக்கு எப்போதும் மின்சாரம் இருக்கும் ஸ்மார்ட் பிளக்குகளே நம்பகமானவை. இன்னொரு விஷயம்: கணினியில் ஜிக்பீ டாங்கிள் (ஜிக்பீ பேசும் யுஎஸ்பி குச்சி) செருகுகிறவர்கள் அதை யுஎஸ்பி 3 போர்ட்டில் ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். அந்தப் போர்ட்டின் இரைச்சல் இதே அலைவரிசையில் குறுக்கிடும். ஒரு நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை தீரும்.

இசட்-வேவ் என்ற ரேடியோவும் ஏறக்குறைய இதே மாதிரிதான். வைஃபையோடு மோதாத தாழ்ந்த அலைவரிசையில் இயங்குவது அதன் பலம். ஆனால் அது நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து மாட்ட நினைத்தால் வேலை செய்யாது.

மேட்டர் பற்றித்தான் குழப்பம் அதிகம். அது ரேடியோ இல்லை. பொருட்கள் பேசிக்கொள்ளும் பொது மொழி. அந்த மொழி வைஃபை வழியாகவும் போகும், ஈதர்நெட் வழியாகவும் போகும், திரெட் என்ற சிக்கனமான ரேடியோ வழியாகவும் போகும். 2022 அக்டோபரில் முதல் பதிப்பு வந்தது. உத்தரவுகள் வீட்டுக்குள்ளேயே ஓடும். ஒரே பல்பை ஆப்பிள், கூகுள், அமேசான் மூன்றின் ஆப்பிலும் ஒரே நேரத்தில் சேர்க்கலாம். இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். ஆனால் பெட்டியில் மேட்டர் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பது திரெட் என்றால், அதை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்க ஒரு பார்டர் ரவுட்டர் வேண்டும். தயாரிப்பாளரின் தனிச் சிறப்பு வசதிகள் பலவும் அவர்களுடைய ஆப்பிலேயே தங்கிவிடுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் விளக்கு, பிளக் இரண்டுக்கும் மேட்டரைத் தாராளமாக நம்பலாம். சென்சார்களுக்கு நான் இன்றும் ஜிக்பீயையே எடுப்பேன். வகைகள் அதிகம், விலையும் குறைவு.

மூளைக்கு என் தேர்வு ஹோம் அசிஸ்டன்ட். 2013-இல் தொடங்கிய திறந்த மூல மென்பொருள். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் ஓடும். மேலே சொன்ன அத்தனையையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவரும். ஆனால் அப்டேட், பேக்கப் என்று அவ்வப்போது அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் விதிகளைத் தனக்குள்ளேயே ஓட்டும் ஹப் ஒன்றை வாங்கலாம். வாங்கிய வாரமே இணைய வயரைப் பிடுங்கிவிட்டு நடைவழியில் நடந்து பாருங்கள். விளக்கு எரியவில்லையா, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, ஸ்மார்ட் பல்பா, ஸ்மார்ட் சுவிட்சா? நிறம் மாற வேண்டும் என்றால் மட்டும் பல்ப். மற்ற இடங்களுக்கெல்லாம் சுவிட்ச், அல்லது சுவிட்ச் பெட்டிக்குள் ஒளித்து வைக்கும் ரிலே. வீட்டுக்கு வந்த விருந்தாளியோ தாத்தாவோ ஆப் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கை போகிற இடத்தில் தட்டினால் எரிய வேண்டும். மூளை செத்துக் கிடந்தாலும் எரிய வேண்டும். வாங்குமுன் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் வயர் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். நியூட்ரல் தேவையில்லாத வகைகள் விளக்கு வழியாகவே சொற்ப மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். சில எல்இடி பல்புகள் அதில் மினுக்கும்.

ஆள் இருப்பதை உணரும் சென்சாரிலும் இரண்டு கட்சி. பிஐஆர் என்ற வகை உடல் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. மலிவு, பேட்டரியில் ஓடும். ஆனால் அசையாமல் புத்தகம் படிப்பவரை அது ஆள் என்றே எடுத்துக்கொள்ளாது, விளக்கை அணைத்துவிடும். எம்எம்வேவ் என்ற ரேடார் வகை மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடப் பிடிக்கும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு நிலையான மின்சாரம் வேண்டும். சுழலும் ஃபேனையும் அசையும் திரைச்சீலையையும் ஆள் என்று எண்ணிக்கொள்ளும். நடைவழிக்கும் மாடிப்படிக்கும் பிஐஆர் போதும். படிக்கும் அறைக்கு எம்எம்வேவ் வைத்து, ஃபேன் இருக்கும் பக்கத்தை அதன் கண்ணில் படாமல் திருப்பி வையுங்கள், உணர்திறனையும் ஒரு படி குறைத்துவிடுங்கள்.